‘அக்ராஸ் தி யுனிவர்ஸ்’: பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

மார்ச் 2

ஒரு வாசகர் கேட்டது: “பீட்டில்ஸ் பாட்டு முப்பத்துச் சொச்சம். ஒட்டுப்போட நடுவில் ஒரு காதல். பின்னால் திரைச்சீலை மாதிரி வியட்நாம் போர். 2007-ல் வந்த இந்தப் படத்தில் பாட்டை எல்லாம் எடுத்துவிட்டால் கையில் என்ன நிற்கும்? இதைப் போய் ஏன் கொண்டாடுகிறீர்கள்?”

மார்ச் 2, இரவு

ஒன்றும் நிற்காது. தோசையிலிருந்து மாவை எடுத்துவிட்டால் என்ன நிற்கும்?

கதை மெலிந்தது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. லிவர்பூல் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் ஜூட், தான் பார்த்தே இராத அமெரிக்க அப்பாவைத் தேடிக் கப்பலேறுகிறான். அப்பா பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருக்கிறார். அங்கே மேக்ஸ் என்ற மாணவனோடு நட்பாகி, அவன் தங்கை லூசியைக் காதலிக்கிறான். மேக்ஸ் படிப்பை விடுகிறான், நியூயார்க் போகிறான், போருக்கு இழுக்கப்படுகிறான். லூசி போர் எதிர்ப்பில் இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

ஆனால் இயக்குநர் ஜூலி டெய்மோர் கதை சொல்ல உட்காரவில்லை. லிவர்பூலில் தோன்றிய பீட்டில்ஸ் என்ற நால்வர் இசைக்குழுவின் முப்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அது எழுதப்பட்ட வாயிலிருந்து பிடுங்கி வேறொரு வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார். யார் பாடுகிறார்கள் என்பது மாறும்போது அதே சொல் வேறு சொல்லாகிவிடுகிறது. படம் முழுக்க இந்த ஒரு சோதனைதான். பல இடங்களில் பலித்திருக்கிறது. பலிக்காத இடங்களையும் சொல்கிறேன், இன்று தூக்கம் வருகிறது.

மார்ச் 3

‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 கடைசியில் வந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியபோது அமெரிக்காவில் ஏழு கோடிப் பேருக்கு மேல் தொலைக்காட்சி முன் இருந்தார்கள் என்பார்கள். கைதட்டல், துள்ளல், பெண்பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் சேர்ந்த பாட்டு. கையைப் பிடிக்க ஆசை என்கிறான் பையன், ஊரே சிரித்துக்கொண்டு பிடித்துக்கொள் என்கிறது.

படத்தில் இதைப் பாடுவது ப்ரூடென்ஸ். ஒஹையோ மாநிலத்து டேட்டன் ஊரில் கால்பந்து அணிக்கு உற்சாகமூட்ட ஆடும் பெண்களில் ஒருத்தி. நடித்தது டி.வி.கார்ப்பியோ. துள்ளல் போய்விட்டது. மெல்ல மெல்லப் பாட்டு நகர்கிறது. அவள் பார்வை ஒரு பையன் பக்கம் இருப்பதாகத்தான் முதலில் நினைப்போம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் பார்ப்பது இன்னொரு பெண்ணை என்று தெரிகிறது. மைதானத்தில் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுகிறார்கள், அவர்களுக்கு நடுவே இவள் யாருக்கும் தெரியாமல் நடந்து போகிறாள். கையைப் பிடிக்க ஆசை. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அதை அவளால் வாய்விட்டுச் சொல்லவே முடியாது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் உலகத்திலேயே மிகச் சாதாரணமான ஆசையை உலகத்திலேயே நடக்காத ஆசையாக்கிவிட்டார்கள்.

2008-ல் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதி. யாரோ டிவிடி கொண்டுவந்தார்கள். ஒரு மடிக்கணினி, இரண்டு கட்டிலை இழுத்துப்போட்டு ஏழு பேர். இந்தக் காட்சி வந்தபோது என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். தண்ணீர் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். படம் முடியும்வரை வரவில்லை. எட்டு வருஷம் கழித்து, நாங்கள் இருவரும் சென்னையில் வேலை பார்த்த காலத்தில், அவளே ஒரு நாள் சொன்னாள், ஏன் என்று. அன்றிலிருந்து எனக்கு இது வெறும் பாட்டு வீடியோக்களின் தொகுப்பு இல்லை.

மார்ச் 3, பின்னிரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: பீட்டில்ஸ் குரலே ஏன் இல்லை, உரிமை கிடைக்கவில்லையா? பாட்டுகளின் உரிமை வாங்கினார்கள். பழைய இசைத்தட்டுப் பதிவுகளைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மேலே சொன்ன எதுவுமே நடந்திருக்காது. பீட்டில்ஸின் ஜான் லெனன் குரல் கேட்டவுடன் நம் மனம் லெனனிடம் போய்விடும், அந்தப் பெண்ணிடம் நிற்காது.

மார்ச் 5

குரல் பேச்சு வந்ததால் என் தொழில் பேச்சு. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவள். பெரும்பாலும் டப்பிங், கொஞ்சம் மிக்ஸிங்.

இந்தப் படத்தில் பெரும்பாலான பாட்டுகள் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடிப் பதிவானவை. நம் ஊரில் பழகிய முறையில் பாட்டு முதலில் ஸ்டூடியோவில் முடிந்துவிடும், தளத்தில் நாக்ரா டேப் கருவியோ ஸ்பீக்கரோ ஓட, நடிப்பவர் வாயசைப்பார். அதில் வேகத்தை முடிவு செய்வது டிராக். நேரடியாகப் பாடினால் முடிவு செய்வது நடிப்பவரின் மூச்சு. லூசியாக வரும் இவான் ரேச்சல் வுட் ‘இஃப் ஐ ஃபெல்’ பாடும் இடத்தைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். பேச்சு முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஜூட்டாக வரும் ஜிம் ஸ்டர்ஜஸ் தொழில்முறைப் பாடகரைப் போலப் பாடவில்லை. பாடத் தெரிந்த ஒரு கப்பல் தளத் தொழிலாளி பாடுவது போலப் பாடுகிறார். இசையமைப்பைக் கவனித்தவர் எலியட் கோல்டன்தால். மனிதக் குரலின் மேல் வாத்தியத்தை ஏற்றி அமுக்காமல் காத்திருக்கிறார்.

ஒரு சின்னப் படத்தில் தாலாட்டுக் காட்சி ஒன்று என் கைக்கு வந்தது. அம்மாவாக நடித்தவர் தளத்தில் தானே முணுமுணுத்திருந்தார். பைலட் டிராக்கில், அதாவது படப்பிடிப்பின்போது உதவிக்காகப் பதிவாகும் ஒலியில், அது இருந்தது: சுருதி கொஞ்சம் விலகல், நடுவில் குழந்தை உதைத்ததில் ஒரு “ஸ்ஸ்”. நல்ல பாடகியை வரவழைத்து மாற்றினார்கள். சுருதி சுத்தம், காட்சி செத்தது. அப்படியே வைத்திருக்கலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அந்த பைலட் டிராக்கை நினைக்காமல் என்னால் இந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

மார்ச் 6

இன்னொரு கேள்வி, நியாயமானது: “1967 டெட்ராய்ட் கலவரக் காட்சியில் 1970-ல் வந்த ‘லெட் இட் பி’ எப்படி?”

அந்தப் படத்தின் உலகத்தில் பீட்டில்ஸ் என்ற குழுவே கிடையாது. கவனித்தீர்களா? லிவர்பூலிலிருந்து ஒருவன் வருகிறான், அறுபதுகளில், அமெரிக்காவில் ஒருத்தராவது அவனிடம் அந்த நால்வரைப் பற்றிக் கேட்க வேண்டாமா? யாரும் கேட்பதில்லை. பாட்டுகள் அந்த ஆட்களின் மனசிலிருந்து வருவதாகத்தான் கணக்கு. அப்புறம் எந்த வருஷத்துப் பாட்டு என்ற கேள்விக்கு இடமில்லை.

மார்ச் 8

‘ஐ வான்ட் யூ’ பற்றி எழுதாமல் தாண்ட முடியாது.

லெனன் இதைத் தன் துணை யோகோ ஓனோவுக்காக எழுதினார். 1969, ‘அபே ரோட்’ தொகுப்பு, எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உன்னை வேண்டும் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அதில் பெரிதாக வரிகள் இல்லை. டெய்மோர் இதை மேக்ஸைப் பிடித்துக்கொண்டு போகும் ராணுவத்துக்குக் கொடுத்தார். அங்கிள் சாம் விரல் நீட்டும் ஆள்சேர்ப்புச் சுவரொட்டி நினைவிருக்கும், ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் வரைந்தது, 1917-ல் நாடெங்கும் ஒட்டியது. அதில் இருக்கும் வாசகம் தொடங்குவதும் இதே மூன்று சொல்லில்தான். படத்தில் அந்தச் சுவரொட்டி உயிர் பெற்றுக் கை நீட்டிப் பாடுகிறது. காதலன் வாயில் ஏக்கமாக இருந்தது அரசாங்கத்தின் வாயில் கட்டளையாகிவிட்டது.

அடுத்து ஒரே அச்சில் வார்த்த முகமூடி அணிந்த அதிகாரிகள், உள்ளாடையோடு நிறுத்தப்பட்ட பையன்கள், உடல் பரிசோதனையே ஒரு நடனம். கடைசியில் பாட்டின் மறுபாதி, அவள் எவ்வளவு கனம் என்று சொல்லும் பகுதி. பையன்கள் உள்ளாடையும் பூட்ஸுமாக வியட்நாம் காட்டை மிதித்துக்கொண்டு சுதந்திர தேவி சிலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அவள் கனக்கிறாள்.

கல்லூரியில் இருந்தவரை மாணவனுக்குக் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்கு கிடைத்த காலம் அது. மேக்ஸ் பிரின்ஸ்டனை விட்டது விளையாட்டுப்போக்கில். அந்த விளையாட்டின் விலை இந்தப் பாட்டில்தான் தெரிகிறது. ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை.

இனி “பாட்டை எடுத்துவிட்டால்” என்று கேட்பவர்கள் இந்தப் பாட்டை எடுத்துவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 9

தலைப்புப் பாட்டு ரிஷிகேஷில் எழுதப்பட்டது என்று வேறோரிடத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். தவறு. அதை அவர்கள் பதிவு செய்தது 1968 பிப்ரவரித் தொடக்கத்தில், லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில். ரிஷிகேஷ் பயணம் அதே மாதம், ஆனால் அதற்குப் பிறகு. ‘ஜெய் குரு தேவ, ஓம்’ என்று வருவதால் கங்கைக்கரையில் உட்கார்ந்து எழுதியதாக நானும் வருஷக்கணக்காக நம்பியிருந்தேன். மகரிஷி மகேஷ் யோகியை அவர்கள் 1967 ஆகஸ்டிலேயே லண்டனில் சந்தித்தாயிற்று, சொல் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது. குரு தேவ் என்பது மகரிஷியை அல்ல, மகரிஷியின் குரு பிரம்மானந்த சரஸ்வதியை.

அந்தப் பதிவில் உச்ச ஸ்தாயியில் பாட ஆள் தேவைப்பட்டு, ஸ்டூடியோ வாசலில் காத்து நின்ற ரசிகைகளில் இரண்டு பெண்களை உள்ளே கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்ப் பாடிவிட்டு வந்தார்கள்! இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ரிஷிகேஷில் பிறந்தது ‘டியர் ப்ரூடென்ஸ்’. ப்ரூடென்ஸ் ஃபாரோ என்ற பெண் தியானத்தில் மூழ்கி அறையைவிட்டு வெளியே வர மறுத்தார், அவரை வெளியே அழைக்க லெனன் எழுதியது. படத்தில் நம் ப்ரூடென்ஸ் மனம் உடைந்து அலமாரி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நண்பர்கள் வெளியே நின்று பாடுகிறார்கள். இதுகூட ஒரு வாய் மாற்றம்தான், ஆனால் இங்கே பாட்டு தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 10

நேற்றைய குறிப்பிலிருந்து விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் அந்த இளைஞர் கூட்டத்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு என்றால் எல்லோரும் ரிஷிகேஷையும் சிதார் கலைஞர் ரவிசங்கரையும் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க்காரரை விட்டுவிடுகிறார்கள்.

1969 ஆகஸ்ட் 15, அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் திறந்தவெளி இசை விழாவின் முதல் நாள். பல லட்சம் பேர். ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்த பிறகு காவி உடுத்த தாடிக்காரர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பேசினார், கூட்டத்தை மந்திரம் சொல்ல வைத்தார். சுவாமி சச்சிதானந்தா. பிறந்தது கோயம்புத்தூர் செட்டிபாளையம், 1914. சிவானந்தரின் சீடர். இலங்கையில் பல வருஷம் ஆசிரமம் நடத்தியவர். 1966-ல் நியூயார்க் போனார். அழைத்துப் போனவர்களில் ஒருவர் பீட்டர் மேக்ஸ், அந்தக் காலத்துச் சுவரொட்டிகளின் வண்ணமே அவருடையது என்று சொல்லத்தக்க ஓவியர்.

உட்ஸ்டாக்கில் அவர் பேசியது ஒலியைப் பற்றி. ஒலியின் ஆற்றல் மற்ற எல்லா ஆற்றலையும்விடப் பெரியது என்று. நான் கல்லூரிக் காலம் முழுக்க செட்டிபாளையம் வழியாகப் பேருந்தில் போய்வந்திருக்கிறேன். ஒலியைப் பிழைப்பாகவும் எடுத்துக்கொண்டேன். இவரைப் பற்றித் தெரிந்தது முப்பது வயசுக்கு மேல். யாரும் சொல்லித்தரவில்லையே என்று இன்னும் வருத்தம்.

படத்துக்குத் திரும்ப ஒரு பாலம் இருக்கிறது. அதே உட்ஸ்டாக்கில் 17-ம் தேதி பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தன் தொண்டையால் வேறு பாட்டாக்கிக் காட்டியவர் ஜோ காக்கர். வாய் மாற்றக் கலையின் ஆசான். டெய்மோர் அவரையே கூப்பிட்டு ‘கம் டுகெதர்’ பாட வைத்திருக்கிறார், மூன்று வேஷத்தில்.

மார்ச் 14

பலிக்காத இடங்களைச் சொல்வதாகச் சொன்னேன். இத்தனை நாளாகத் தள்ளிப்போட்டேன், பிடித்த படத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

‘லெட் இட் பி’ காட்சி. டெட்ராய்ட் கலவரம், 1967 ஜூலை, நிஜத்தில் 43 பேர் செத்தார்கள். எரிந்த காரின் பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஒரு கறுப்பினச் சிறுவன் பாடத் தொடங்குகிறான். அடுத்து அவன் சவப்பெட்டி. தேவாலயத்தில் பெரிய குரல்கள் அந்தப் பாட்டை வாங்கிக்கொள்கின்றன. மாற்றி மாற்றி இன்னொரு சவ அடக்கம்: ஜூட்டுக்கு முன் லூசி காதலித்த, போரில் இறந்த பையன். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தன் பதினாலு வயதில் இழந்த அம்மா மேரியை நினைத்து எழுதியது, இங்கே இரண்டு அம்மாக்களுக்கு ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அழுகிறேன்.

ஆனால் அழுது முடித்ததும் கேள்வி வருகிறது. லூசியின் துக்கம் படம் முழுக்கக் கூட வருகிறது, அவளை மாற்றுகிறது. அந்தச் சிறுவனின் அண்ணன் ஜோஜோ நியூயார்க் வந்து கிடார் வாசிக்கிறான், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது ‘வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாடுகிறான், மற்ற நேரமெல்லாம் சேடி என்ற பாடகியோடு காதலும் பிணக்கும். தம்பியைப் பற்றி அவன் வாயைத் திறந்து நாலு சொல் பேச இடம் தரப்படவில்லை. அந்தக் காலத்து ராக் நட்சத்திரங்களான ஜானிஸ் ஜாப்ளின் சேடியிலும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இவனிலும் தெரிய வேண்டும் என்ற அக்கறையில் இவன் யார் என்பது விட்டுப்போயிற்று. வியட்நாம் மக்களோ இன்னும் மோசம். போர் படம் முழுக்க இருக்கிறது, அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது. வாய் மாற்றுவதுதான் இந்தப் படத்தின் வித்தை என்றால், அவர்கள் வாய்க்கு ஏன் ஒரு பாட்டுகூடப் போகவில்லை? இதற்கு என்னிடம் பதில் இல்லை. வியட்நாம் வெறும் திரைச்சீலை என்று எழுதிய வாசகருக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண் தருகிறேன்.

மார்ச் 14, மறுபடி

நண்பர்கள் வண்ணப் பேருந்தில் போகும் பகுதியும் எனக்கு ஒட்டவில்லை. எழுத்தாளர் கென் கீசி தன் கூட்டாளிகளோடு 1964-ல் வண்ணம் பூசிய பேருந்தில் நாட்டைக் கடந்து போனது, போதை மருந்து ஆராய்ச்சியாளர் டிமதி லியரி அவர்களைப் பார்க்க வெளியே வராதது, எல்லாம் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு விடுகதை. தெரியாதவர்களுக்கு ராக் பாடகர் போனோ வந்து பாடிவிட்டுப் போகிறார், அவ்வளவு.

மார்ச் 17

“அப்படியானால் ‘ஹேர்’ படம்தான் மேல்” என்று ஒருவர். 1979, மிலோஷ் ஃபோர்மன். நானும் நேற்று மறுபடி பார்த்தேன். அந்தப் பாட்டுகள் அந்தக் காலத்திலேயே, ‘ஹேர்’ மேடை நாடகத்துக்காகவே பிறந்தவை. நண்பனுக்குப் பதிலாக ஆள் மாறிப் போய் பெர்கர் என்ற பாத்திரம் வியட்நாம் விமானத்துக்குள் நடக்கும் முடிவுக்கு ஈடாக டெய்மோர் படத்தில் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனை வேறு. ஏற்கெனவே உலகம் மனப்பாடம் செய்துவிட்ட பாட்டைப் புதிதாகக் கேட்க வைப்பது கஷ்டம். 1978-ல் பீ ஜீஸ் குழுவையும் பாடகர் பீட்டர் ஃபிராம்ப்டனையும் வைத்து பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ பாட்டுகளைப் படமாக்கினார்கள், மண்ணைக் கவ்வியது. பாட்டுகளை வரிசையாக அடுக்கினார்களே தவிர, யாருக்கு ஏன் பாட வேண்டும் என்று யோசிக்கவில்லை.

இதுவும் வசூலில் தோற்ற படம்தான். வெளியாவதற்கு முன்பே தயாரிப்புத் தரப்பு சுமார் அரை மணி நேரம் வெட்டிய ஒரு வடிவத்தைச் சோதித்துப் பார்த்தது, டெய்மோர் விடவில்லை, இரண்டு மணி பதிமூன்று நிமிடமாகவே வந்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். வேறு பலர் கிழித்தார்கள். அந்த வெட்டில் ப்ரூடென்ஸ் காட்சி போயிருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 23

மார்ச் 3 குறிப்பைத் திருத்த வேண்டும். விடுதித் தோழி இதைப் படித்துவிட்டு நேற்று இரவு கூப்பிட்டாள்.

“நான் எழுந்தெல்லாம் போகலடி. எழுந்து போனது நீ.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னது இது: காட்சி முடிந்ததும் “இன்னொரு தடவை போடு” என்று கேட்டது அவள். மற்றவர்கள் கத்தினார்கள், கதை நகரட்டும் என்று. மடிக்கணினி என்னுடையது. நான்தான் பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். பிறகு சண்டை வேண்டாம் என்று தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். திரும்பி வந்தபோது அவள் கட்டிலின் மறுகோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். அவள் போய்விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டது அதனால்தான் போல.

“ரெண்டாவது தடவ போட்டியே, அப்பவே உங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்.”

எட்டு வருஷம் கழித்துத்தான் சொன்னாள். குடத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள், அவள் துணைவியும் வருகிறாள். ஹெட்ஃபோன் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில் போடு என்று உத்தரவு.